டீச்சர் வீட்டுச் சுவருக்குப் பின்னால் என்ன இருந்தது

வணக்கம் மக்களே. இன்றைக்கு மேசையில் மிக்ஸியும் இல்லை, ஸ்டெபிலைசரும் இல்லை. போர்வெல் மோட்டார் இரண்டாம் பாகம் அடுத்த ஞாயிறு கண்டிப்பாக வரும். இன்றைக்கு இது. தெரிகிறதா? கொஞ்சம் கிட்டே கொண்டு வருகிறேன். கறுப்பு நிறம், உள்ளங்கை அளவு, தலைப்பக்கம் வரிசையாக ஐந்து விளக்குகள். கே2 மீட்டர் என்பார்கள். பேய் தேடும் நிகழ்ச்சி எதைப் பார்த்தாலும் இருட்டில் ஒருவர் இதை நீட்டிக்கொண்டு நிற்பார். விளக்கு பச்சையிலிருந்து சிவப்புக்குப் போனதும் கூட இருப்பவர்கள் எல்லோரும் மூச்சை உள்ளே இழுப்பார்கள். 6,850 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

கோபத்தில் வாங்கினேன். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். வால்வு ரேடியோ வீடியோவில் நான் உட்கார்ந்திருந்த திண்ணை அந்த வீட்டுத் திண்ணைதான். எங்கள் தமிழ் டீச்சர் வீடு. நான் முதன்முதலாகப் பிரித்த ரேடியோ அவருடையது. திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்தபோது, "மெதுவாப் பாரு, ரேடியோ எங்கே ஓடப் போகுது" என்றார். 2019ல் ஆஸ்பத்திரியில், 81 வயதில், மகன் பக்கத்தில் இருக்கும்போது இறந்தார். சொத்தில் பாகப்பிரிவினை வழக்கு நடப்பதால் வீடு பூட்டியிருக்கிறது. அந்த வீட்டுக்கு இதைத் தவிர வேறு கதை கிடையாது.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பேய் தேடும் சேனல், பெயரைச் சொல்லி அவர்களுக்கு நான் கூட்டம் சேர்க்க மாட்டேன், ராத்திரியில் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து உள்ளே போயிருக்கிறது. முற்றத்துச் சுவரோரம் கே2 மீட்டரை வைத்திருக்கிறார்கள். நான்கு விளக்கு எரிந்திருக்கிறது. "இந்த வீட்டில் கரண்டே இல்லை, ஈபி இணைப்பைத் துண்டித்துப் பல வருடம் ஆகிறது, அப்படியானால் இது எப்படி எரிகிறது" என்று ஒருவர் கேட்கிறார். அடுத்த நிமிடமே, இங்கே ஒரு பெண் தூக்குப் போட்டுக்கொண்டார் என்று சொல்லிவிட்டார்கள். டீச்சரை! சாயங்காலம் டியூஷன் போகும் பிள்ளைகள் இப்போது அந்த வீட்டைத் தாண்ட பயந்து அடுத்த தெருவைச் சுற்றிப் போகிறார்கள். அவருடைய மகன் மஸ்கட்டில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறார். எனக்கு போன் செய்தபோது அவரால் பேசவே முடியவில்லை.

அதனால்தான் வாங்கினேன்.

மீட்டர் வந்தது, பேட்டரி வரவில்லை. இதற்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும், மேலே இரண்டு பட்டன் இருக்குமே, அந்தச் சதுர பேட்டரி. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் 40 ரூபாய்க்கு வாங்கினேன். போட்டால் விளக்கு மங்கலாக மினுக்குகிறது. நம் மஞ்சள் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 7.2 வோல்ட். புது உறை, தேதியும் சரியாக இருக்கிறது, உள்ளே 7.2! திருப்பிக் கொடுக்கப் போனால் "பிரித்த சரக்கை வாங்க மாட்டோம்" என்கிறார். பிரிக்காமல் எப்படி ஐயா அளப்பது? 40 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் நேரடியாகக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு குறையை, கண்டுபிடித்ததே உன் தவறு என்பது போலப் பேசினால் எனக்கு ஆகவே ஆகாது. நேராகத் திருச்சி சிங்காரத்தோப்புக் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர், கேட்டதும் கவுன்டரிலேயே உறையைப் பிரித்து, "நீங்களே அளந்து பாருங்க தம்பி" என்றார். 9.4 வோல்ட். அல்கலைன், 320 ரூபாய். சந்தோஷமாகக் கொடுத்தேன். அந்த 9.4 என்ற எண்ணைப் பார்த்தபோது வந்த நிம்மதி எனக்கு ரொம்ப நாளைக்கு மறக்காது.

சரி, இந்த மீட்டர் என்ன செய்கிறது? மாறுமின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் ஒன்று உருவாகும். அதை அளக்கிறது. வீட்டில், மின்கம்பிகளுக்கு அருகில் புலம் எவ்வளவு என்று பார்க்கத்தான் செய்தார்கள். அலகு மில்லிகாஸ். முதல் விளக்கு 1.5க்குக் கீழே, அப்புறம் 2.5, 10, 20 என்று ஏறும், கடைசிச் சிவப்பு 20க்கு மேலே. நம் வீட்டில் சுற்றிப் பார்த்தேன். மிக்ஸியை ஓட்டினால் ஐந்தும் எரிகிறது. மீட்டர் பாக்ஸ் பக்கத்தில் நான்கு. என் போனைப் பக்கத்தில் வைத்து இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டேன், மணி அடிப்பதற்கு முன்பே சிவப்பு வரை போய் வந்தது. அந்தச் சேனல்காரர்கள் நான்கு பேர், நான்கு பேர் பாக்கெட்டிலும் போன் இருக்கும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், பழைய கே2 மாடலில் பட்டனை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஓடும். அதனால் நிறைய பேர் பட்டனில் ஒரு நாணயத்தைச் செருகி வைப்பார்கள். அழுத்தம் லேசாக மாறினாலே விளக்கு மினுக்கும். பேய் பதில் சொல்கிறது என்று காட்டும் பழைய காட்சிகளைப் பார்க்கும்போது அந்தக் கட்டைவிரலைப் பாருங்கள்.

அவர்கள் வைத்திருந்த இன்னொரு பெட்டி ஸ்பிரிட் பாக்ஸ். அது ரேடியோதான். ஒரு நிலையத்தில் நிற்காமல் வேக வேகமாக அலைவரிசைகளைத் தாண்டிக்கொண்டே போகும், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு விநாடி கூட நிற்காத சின்னத் துண்டு கேட்கும். அதில் "வா" என்று கேட்டதாம், "போ" என்று கேட்டதாம். இங்கேதான் எனக்கு டீச்சர் ஞாபகம் வந்தது. ஓரெழுத்து ஒருமொழி நடத்தினார் அல்லவா, நன்னூல் 42 என்று கணக்குச் சொல்கிறது. வா, போ, நீ, தீ, கை, பூ, மா, கோ. நம் மொழியில் ஒரே எழுத்து ஒரு முழுச் சொல். திருச்சியில் எஃப்எம் அலைவரிசையை அரைத்துக் கொட்டினால் அதில் இந்த 42ல் பத்தாவது விழாமல் போகாது. மற்றவற்றை நம் காது சேர்த்துக்கொள்ளும். மேகத்தில் யானை தெரிகிறதே, அதே வேலை காதிலும் நடக்கிறது. 1959ல் ஸ்வீடனில் ஃபிரீட்ரிக் யூர்கென்சன் என்பவர் பறவைச் சத்தத்தைப் பதிவு செய்யப் போய், டேப்பில் மனிதக் குரல் கேட்கிறது என்றார். ஆவிக் குரல் பதிவு என்று இன்றைக்கு நடப்பதெல்லாம் அங்கிருந்துதான் பெருகியது. இன்னொன்று எனக்கு ஆறவில்லை. தமிழ் டீச்சரிடம் அவர்கள் "இஸ் எனிபடி ஹியர்" என்று கேட்கிறார்கள். அந்த வீட்டில் யார் இருந்தார் என்பதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் வந்திருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடம். மகனிடம் அனுமதி கேட்டேன், சாவி அவருடைய சித்தப்பாவிடம் இருந்தது. பகல் பதினொன்றரை மணிக்குப் போனேன். போனை வாசலிலேயே வைத்துவிட்டேன். முற்றத்துச் சுவரில் அவர்கள் காட்டிய அதே இடம், காரை பெயர்ந்து ஒரு வட்டம் இருக்கும், அங்கே மீட்டரை வைத்தேன். நான்கு விளக்கு. பகல் வெளிச்சத்தில், யாரையும் கூப்பிடாமல், நான்கு விளக்கு. ஒரு நொடி எனக்கு உடம்பு சிலிர்த்தது. மறைக்க மாட்டேன்.

அந்தச் சுவர் பொதுச் சுவர். அந்தப் பக்கம் மாமி வீடு. போய்ப் பார்த்தால் மாடிப்படிக்குக் கீழே, சரியாக அதே உயரத்தில், இன்வெர்ட்டர். காலையில் கரண்ட் போய் வந்ததால் முழு வேகத்தில் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது. உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர். செங்கல் சுவர் காந்தப் புலத்துக்கு ஒரு தடையே இல்லை.

இதோடு விட்டிருந்தால் நானும் அவர்களைப் போலத்தான், பார்த்ததும் முடிவு கட்டியவன் ஆகிவிடுவேன். அதனால் மாமியின் பேரனிடம் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்தேன். சுண்ட வேண்டும், தலை விழுந்தால் இன்வெர்ட்டர் ஆன், பூ விழுந்தால் ஆஃப். நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும், என்னிடம் சொல்லக் கூடாது. நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம், நிமிடத்துக்கு ஒரு தடவை, இருபது தடவை. நான் என் நோட்டில் ஆன், ஆஃப் என்று மீட்டரை மட்டும் பார்த்து எழுதினேன். பொறுங்கள், பதினான்காவது தடவையில் வெளியே ஆட்டோ ஏதோ ஹாரன் அடிக்க, அவன் எண்ணிக்கை குழம்பிவிட்டான், அந்த ஒன்றைத் திரும்பச் செய்தோம். அப்புறம் இரண்டு நோட்டையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். இருபதுக்கு இருபது. ஆன் என்றால் நான்கு, ஆஃப் என்றால் ஒற்றைப் பச்சை. பையன் கத்திய கத்தில் மாமி ஓடி வந்துவிட்டார்! இந்த இரண்டு பக்கத்தையும் திரையில் போடுகிறேன், நிறுத்திப் பாருங்கள், அவன் கையெழுத்து என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கும்.

பதிலை மறைத்து வைத்துவிட்டுக் கேட்பது, இதைத்தான் பேய் நிகழ்ச்சிகள் செய்யவே மாட்டா. ஒருவர் செய்து பார்த்தபோது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். இங்கிலாந்தில் 2002ல் தொடங்கிய மோஸ்ட் ஹான்டட் என்ற நிகழ்ச்சி, ரொம்பப் பிரபலம். டெரெக் அக்கோரா என்று ஒரு ஆவி ஊடகர், அதாவது ஆவிகளோடு பேசுவதாகச் சொல்பவர், அதில் வருவார். அதே குழுவில் இருந்த ஆவியுலக ஆராய்ச்சியாளர் கியரன் ஓ'கீஃபுக்குச் சந்தேகம். கார்ன்வாலில் பாட்மின் சிறைக்குப் போனபோது, கிரீட் கேஃபர் என்று ஒரு பழைய சிறைக் காவலரை அவரே கற்பனையாக உண்டாக்கி, அந்தப் பெயர் டெரெக் காதுக்குப் போகும்படி செய்தார். படப்பிடிப்பில் டெரெக் உடம்பில் கிரீட் கேஃபர் இறங்கிவிட்டார். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் டெரெக் ஃபேக்கர் என்று வரும், மோசடிக்கார டெரெக். 2005ல் கியரன் இதைப் பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வருடக் கடைசியில் அந்த நாட்டு ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பு ஆஃப்காம், இது பொழுதுபோக்கு, முறையான விசாரணை இல்லை என்று முடிவு சொன்னது. நிகழ்ச்சி நிற்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது.

எனக்குப் பிடித்த மனிதர் வேறு. விக் டேண்டி, இங்கிலாந்தில் கவன்ட்ரியைச் சேர்ந்த பொறியாளர். இரவில் ஆய்வுக்கூடத்தில் தனியாக வேலை செய்தபோது குளிர் வியர்வை, ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம். திரும்பினால் இல்லை. மறுநாள் வாள் சண்டைப் போட்டிக்காகத் தன் வாளை இடுக்கியில் பிடித்து வைத்தார், அது தானாக அதிர்ந்தது. புதிதாக மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன் விநாடிக்குச் சுமார் 19 அதிர்வில் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தது. 1998ல் கட்டுரையாகவே எழுதினார். எல்லாப் பேய்க்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, அப்படி நிரூபணமும் ஆகவில்லை. தான் கண்டதைப் பொய் என்று ஒதுக்காமல், ஆவி என்று முடிவும் கட்டாமல், உட்கார்ந்து தேடினார். அந்த மனது எனக்குப் பிடிக்கும்.

ஏனென்றால் மாமி என்னிடம் ஒன்று சொன்னார். டீச்சர் இறந்த பிறகு சில நாள் விடியற்காலையில் அந்த வீட்டு ஊஞ்சல் சங்கிலிச் சத்தம் கேட்குமாம். "அவங்களுக்கு அந்த நேரத்துல ஊஞ்சல்ல உக்காந்து படிக்கிற பழக்கம்ப்பா" என்றார். முப்பது வருடம் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர். அதை நான் மறுக்கவில்லை, மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பவும் இல்லை. காபி கொடுத்தார், குடித்துக்கொண்டு கேட்டேன். அது அவருக்கும் டீச்சருக்கும் இடையில் இருப்பது. அதில் யாருக்கும் காசு இல்லை, யார் மீதும் பழி இல்லை. சுவர் ஏறிக் குதித்து வந்தவர்கள் செய்தது அதுவல்ல.

அந்தச் சேனலுக்கு இரண்டு நோட்டுப் பக்கங்களையும் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை. மகன் வக்கீல் மூலமாகவும் எழுதுகிறார். நீங்கள் யாரும் அங்கே போய்த் திட்ட வேண்டாம், கேட்டுக்கொள்கிறேன், அந்த வீடியோவைத் தேடிப் பார்க்கவும் வேண்டாம்.

ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். அன்றைக்கு அலமாரியில் ஒரு வகுப்புப் போட்டோ கிடைத்தது, இதோ, 1987, எட்டாம் வகுப்பு. நடுவில் நாற்காலியில் இருப்பவர்தான் டீச்சர். கீழே எழுதியிருந்த பெயர்களைக் கரையான் அரித்துவிட்டது. பதினொரு பேரைத் தெரு ஆட்கள் அடையாளம் சொல்லிவிட்டார்கள், இன்னும் இருபத்தாறு பேர். மகனுக்கு எல்லாப் பெயரும் வேண்டுமாம். மேல் வரிசையில் இடது ஓரம், தலையை ஆட்டியதால் முகம் கலங்கிப்போன அந்தப் பையன் யார் என்று தெரிந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள், அவர்தான் யாருக்குமே பிடிபடவில்லை.