ஊருணியைத் தூர் வாரியும் தண்ணி நிக்கலையே, ஏன்?

அடுத்த கேள்வி தேவகோட்டைப் பக்கத்துல ஒரு கிராமத்துலேர்ந்து வந்திருக்கு. “ஊரே வரி போட்டு ஊருணியைப் பத்தடி தூர் வாரினோம். ஐப்பசியில மழை நல்லாத்தான் பெஞ்சுச்சு. ஆனா பாதிகூட நெறையலை, வந்த தண்ணியும் தை முடியறதுக்குள்ள வத்திப்போச்சு. எங்க தப்புப் பண்ணினோம்?”

நெறையாததுக்குக் காரணத்தை வரத்துக்கால்ல, அதாவது மழைத்தண்ணியை ஊருணிக்குக் கொண்டுவர்ற கால்வாயில தேடணும், வத்தினதுக்கு அடித்தரையில தேடணும்.

பத்தடின்னு சொன்னதுமே சந்தேகம் வருது. நம்ம செட்டிநாட்டுச் சீமையில பல எடத்துல மேல செம்மண், கீழ செம்பராங்கல் சரளை. ஊருணியில வண்டலுக்கு அடியில ஒரு களிப் படுகை இருக்கும், தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கறது அதுதான். ஜேசிபி அதையும் சேர்த்து அள்ளிட்டா, தண்ணி சரளையில எறங்கிரும். கெணத்துக்கு ஊறும், நல்லதுதான், ஆனா குடிதண்ணி ஊருணிக்கு ஆகாது. அதனால தோண்டறதுக்கு முன்னாடி நாலஞ்சு எடத்துல சின்னக் குழி போட்டு, களி எத்தனை அடியில ஆரம்பிக்குதுன்னு பாருங்க. ஈர மண்ணை உள்ளங்கையில வெச்சு நாடா மாதிரி நீட்டுங்க. ரெண்டு அங்குலம் ஒடையாம நீண்டா நல்ல களி. அங்க தோண்டறதை நிறுத்திடணும்.

ஏற்கெனவே ஓட்டை விழுந்திருந்தா, கண்மாய்க் களியை அரை அடி கனத்துல பரப்பி, ஈரமா இருக்கும்போதே மாட்டை எறக்கி மிதிக்க விடுங்க, இல்ல ரோலர் விடுங்க. அதுக்கு மேல இன்னொரு அரை அடி. ஒரேயடியா ஓரடி கொட்டினா மேல மட்டும்தான் இறுகும். காய்ஞ்சு வெடிப்பு விடவும் கூடாது.

இப்ப வரத்துக்கால். ஒரு கணக்குப் போட்டுக்காட்டறேன். 25 ஏக்கர் மேட்டுல 50 மில்லிமீட்டர் மழை பெஞ்சு, அதுல அஞ்சுல ஒரு பங்கு ஓடி வந்தாலே சுமார் 10 லட்சம் லிட்டர். அரை ஏக்கர் ஊருணியில ஒன்றரை அடி ஒசரும். அது வந்து சேரலைன்னா வழியில எங்கயோ நிக்குது. நான் பாத்தவரைக்கும் நெறைய எடத்துல ரோட்டுக் குழாய்ப் பாலம்தான் காரணம். கால்வாய்த் தரையைவிடக் குழாய் அரை அடி ஒசந்திருந்தா போதும், மேல குட்டை கட்டி நின்னுரும்.

கால்வாயோட எறக்கத்தை அளக்க, கொத்தனார் மட்டம் பாக்க வெச்சிருக்கிற தண்ணிக் குழாய், அதான் டியூப் லெவல், அதுவே போதும். உள்ள காத்துக்குமிழி இருந்தா அளவு பொய் சொல்லும், நல்லா தட்டி வெளியேத்துங்க. 100 மீட்டருக்கு 10லேருந்து 20 சென்டிமீட்டர் எறக்கம் இருந்தாச் சரி. அதுக்கு மேல போனா கரை அரிக்கும். அங்கெல்லாம் தண்ணி வேகத்தைக் குறைக்கக் குறுக்கே கல்லை அடுக்கி ஒரு சின்னத் தடுப்பு போடுங்க, ஒசரம் ரெண்டடிக்கு மேல வேண்டாம், நடுப்பகுதி அரை அடி தாழ்வா இருக்கணும். நடு மேடானா தண்ணி ஓரமாச் சுத்திப் போயி கரையைத் தின்னுரும்.

கால்வாயில நிக்கிற சீமைக்கருவேலத்தை வேரோட எடுங்க, வெட்டி மட்டும் விட்டா திரும்பத் துளிர்க்கும். ஆனா ஊருணிக் கரையில நிக்கிறதைப் பிடுங்காதீங்க. வேர் போன பொந்து வழியாக் கசியும். அங்க வெட்டி வெட்டி விடுங்க, பிடுங்கியே தீரணும்னா பொந்துல களி எறக்கி கம்பியால இடிங்க.

தண்ணி எப்படி இருக்குன்னு கவனிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சேத்துக்கலாம். மாசம் ஒருதடவை வெள்ளைத் தட்டுல தண்ணி எடுத்துப் பூச்சி எண்ணட்டும். பல வகைப் பூச்சி, அதோட தட்டான் குஞ்சும் இருந்தா பரவாயில்ல. சிவப்புப் புழு மட்டுமே நெளிஞ்சா, சாக்கடை எங்கயோ கலக்குதுன்னு சந்தேகப்படணும். ஆனா பூச்சியை வெச்சுக் குடிக்கலாம்னு முடிவு பண்ணக்கூடாது, அதுக்கு ஆய்வகத்துல குடுத்துப் பாக்கணும்.

மண் வேலை, கால்வாய் வேலை எல்லாம் ஆடிக்குள்ள முடிஞ்சிடணும். அப்புறம் முதல் நல்ல மழையில ரெண்டு பேர் குடை பிடிச்சுக்கிட்டு மேட்டுலேர்ந்து ஊருணி வரைக்கும் தண்ணி கூடவே நடந்து வாங்க. நின்ன எடத்துல எல்லாம் ஒரு குச்சி நட்டுட்டு வந்தீங்கன்னா, அடுத்த வேலை எங்கன்னு தெரிஞ்சுரும்.