படுத்த தாத்தா வீடு

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கும் அண்ணனே, அக்காவே, பொங்கல் சாப்பாடு முடிந்து பாதிக் கண் மூடியிருக்கும் சபையே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை ஞாபகப்படுத்திவிடுகிறேன். "டிசம்பரில் குடும்பத்தோடு தெருத்தெருவாகக் கிறிஸ்துமஸ் விளக்கு பார்க்கப் போவது பாரம்பரியமா, பெட்ரோல் செலவா?" பதினைந்து வருஷமாக லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருந்துகொண்டு, வாயைத் திறந்தால் 'கேஸ்' போடணும் என்று சொல்கிற நாம், தலைப்பில் மட்டும் பெட்ரோல் என்று வைத்திருக்கிறோம். சரி, அது விழாக் குழுவின் தமிழ்ப் பற்று.

எதிரணி அண்ணன் அழகாகப் பேசினார். தாத்தா காலத்திலிருந்து வந்தால்தான் பாரம்பரியம், நாம் செய்வது வெறும் பழக்கம் என்றார். இது நம்ம பண்டிகையே இல்லை என்றார். கரண்ட் வீண் என்றார். அக்கா எழுந்து, பிள்ளைகள் பின் சீட்டில் போனைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறார்கள், விளக்கைப் பார்ப்பது அப்பா அம்மா மட்டும்தான் என்று முடித்தார்.

கரண்ட் கணக்குக்கு அரை நிமிஷம் போதும். அண்ணன் சொன்னது பழைய பல்பு காலத்துக் கணக்கு. நூறு சின்ன பல்பு கோத்த பழைய சரம் சுமார் 40 வாட் இழுக்கும். இன்றைய எல்.இ.டி. சரம் நூறு பல்புக்கு 5 வாட் பக்கம்தான். தினம் 5 மணி நேரம், 30 நாள் எரித்தாலும் ஒரு யூனிட் ஆகாது. ஒருவர் வீடு முழுக்க ஐம்பது சரம் சுற்றினாலும் 40 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். அந்த பில்லைக் கட்டுவது அவர், நாம் அல்ல. அண்ணன் வீட்டு கராஜில் வருஷம் முழுக்க ஓடும் இரண்டாவது ஃப்ரிட்ஜைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் போன தீபாவளி முறுக்கு மாவு இருக்கிறது என்று அண்ணிதான் சொன்னார்கள்.

இப்போது தாத்தா காலத்துக்கு வருகிறேன். 1882 டிசம்பரில் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், தன் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 மின்விளக்குகளைக் கட்டினார். மரம் சுழலவும் செய்தது. அதைப் போய்ப் பார்த்த ஒரு நிருபர் டெட்ராய்ட் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். கவனியுங்கள் ஐயா. விளக்குப் போட்ட அந்த வருஷமே, அடுத்தவர் வீட்டு விளக்கைப் பார்க்கப் போகிற ஆளும் வந்தாகிவிட்டது. இரண்டும் கூடப் பிறந்தவை.

நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. பாசடேனாவுக்கு வடக்கே ஆல்டடீனா, சான்டா ரோசா அவென்யூ. 1880களில் ஜான் உட்பரி என்பவர் மலையடிவாரத்தில் மாளிகை கட்டுவதாகத் திட்டம் போட்டு, அதற்கு வண்டிப்பாதை அமைத்து இரு பக்கமும் மரக்கன்று நட்டார். மாளிகை வரவே இல்லை. மரம் மட்டும் வளர்ந்தது. 1920ல் பாசடேனாவில் கடை வைத்திருந்த ஃபிரடெரிக் நேஷ் முன்னால் நின்று, அந்த மரங்களில் விளக்குப் போட வைத்தார். ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான தெரு. இன்றைக்கும் தன்னார்வலர்கள்தான் சரம் கட்டுகிறார்கள். டிக்கெட் கிடையாது. அது என்ன மரம் தெரியுமா? இங்கே டியோடார் என்கிறார்கள். நம்ம தேவதாரு, ஐயா! இமயமலையில் வளர்கிற மரம், விதை இத்தாலி வழியாக வந்தது. இது நம்ம பண்டிகை இல்லை என்று அண்ணன் சொன்னபோது அந்த மரங்கள் கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருக்கும்.

அந்தத் தெருவுக்குள் நுழையும்போது ஹெட்லைட்டை அணைத்துவிட்டுப் பார்க்கிங் லைட்டில் ஊர்ந்து போவதுதான் வழக்கம். மேலே கிளைகளில் பல்பு, முன்னால் போகிற காரின் சிவப்பு விளக்கு, வேறு வெளிச்சம் இல்லை. அந்த இருட்டில் பின் சீட்டில் ஒரு போன் எரிந்தால் காரில் இருக்கிற எல்லார் கண்ணையும் குத்தும். என் மகளுக்குப் பதினைந்து வயது. நான் சொல்லி அவள் போனை வைத்த சரித்திரமே கிடையாது. அங்கே யாரும் சொல்லாமல் அவளே கவிழ்த்து மடியில் வைக்கிறாள். அக்கா ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். எங்கள் வண்டியிலேயே வரலாம், ஃபிளாஸ்கில் சுக்குக் காபி இருக்கும்.

போன மாதம் போனதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2025 ஜனவரி 7 அன்று ஆரம்பித்த ஈட்டன் காட்டுத்தீயில் அந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் 9,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போய்விட்டன. நம் சங்கத்திலிருந்தும் போர்வையும் சாப்பாடும் கொண்டுபோனோம், உங்களில் பலர் வந்தீர்கள். அந்தத் தேவதாரு மரங்கள் பெரும்பாலும் தப்பிவிட்டன. டிசம்பரில் மறுபடி விளக்கு ஏற்றினார்கள். போவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. அடுத்தவர் கஷ்டத்தில் வேடிக்கை பார்ப்பதாகிவிடுமோ என்று என் வீட்டுக்காரர் தயங்கினார். கடைசியில் போனோம். வழியில் வீடு இருந்த இடங்களில் கம்பி வேலி, வேலிக்குப் பின்னால் மண். ஒரு மனையில் வாசல் படி மூன்று மட்டும் நின்றது, ஏறினால் போய்ச் சேர வீடு இல்லை. காருக்குள் யாரும் பேசவில்லை. மாமியார் மட்டும், "இவங்கல்லாம் இப்ப எங்க இருக்காங்களோ" என்றார்கள். அப்புறம் மரங்களுக்குக் கீழே நுழைந்தோம். மாமியார் ஜன்னலை இறக்கச் சொன்னார்கள். குளிருமே என்றேன். "பரவாயில்ல, எறக்கு" என்றார்கள். இதைப் பெட்ரோல் கணக்கில் எப்படி எழுதுவது என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

இது நம்ம பண்டிகை இல்லையாம். நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கும், உள்ளே ஒரு பல்பு. சாயங்காலம் ஆனதும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கும்பலாகக் குடில் பார்க்கக் கிளம்புவோம். வைக்கோல் கூரை, மாட்டுக்கு ஒரு காது உடைந்திருக்கும். யார் எந்தச் சாமி கும்பிடுகிறவர்கள் என்று யாரும் கேட்டதில்லை. புரட்டாசியில் அதே கும்பல்தான் கொலு பார்க்கவும் போகும். "வீட்ல கொலு இருக்கா மாமி" என்று வாசலில் நின்று கேட்டால் உள்ளே கூப்பிடுவார்கள். இங்கே கூப்பிட மாட்டார்கள், சுண்டலும் கிடையாது. அந்த ஒரு குறையை எங்கள் அணி முழு மனதோடு ஒத்துக்கொள்கிறது.

அண்ணன் கேட்ட தாத்தாவுக்குக் கடைசியாக வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு வீடு. புல்தரையில் காற்றடைத்த கிறிஸ்துமஸ் தாத்தா, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. 2014ல், மகளுக்கு நாலு வயது, முதன்முதலாக அந்தத் தெருவுக்குப் போனோம். நான் அடுப்படி முடித்துக் கிளம்ப மணி பத்தாகிவிட்டது. டைமர் மோட்டாரை நிறுத்திவிட்டிருந்தது. தாத்தா காற்றுப் போய், முகம் குப்புற, புல்லில் சிவப்புத் துணியாகக் கிடந்தார். பிள்ளை ஒரே அழுகை. "தாத்தாவுக்கு என்னாச்சு?" தூங்குகிறார் என்று இவர் சமாளித்தார். நம்பவில்லை. மறுநாள் ஏழு மணிக்கே தூக்கிக்கொண்டு போய், அவர் எழுந்து நின்று ஆடுவதைக் காட்டிய பிறகுதான் வீட்டில் சோறு இறங்கியது.

அன்றிலிருந்து அதற்குப் பெயர் படுத்த தாத்தா வீடு. வருஷத்துக்கு இரண்டு தடவை போக வேண்டும், ஏழு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. பதினொரு வருஷம். அந்த வீட்டுக்காரருக்கு எங்கள் பெயர் தெரியாது, எங்களுக்கும் அவர் பெயர் தெரியாது. கை மட்டும் ஆட்டுவார்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார், முடிக்கிறேன். போன வாரம் அந்த வீட்டு வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை நட்டிருக்கிறார்கள். மகள் பள்ளியிலிருந்து வரும் வழியில் பார்த்துவிட்டு வந்து, தாத்தாவை அவர் எடுத்துக்கொண்டு போவாரா, வருகிறவர்களிடம் விட்டுவிட்டுப் போவாரா என்று கேட்கிறாள். போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்கிறாள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. சர்க்கரைப் பொங்கல் கொஞ்சம் டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன். வணக்கம்.