காற்றோடு வரும் தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். பஞ்சர் கடை வாசலில் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்குமே, காற்றை அமுக்கி டேங்கில் சேர்க்கும் அந்தக் கம்ப்ரஸரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். கோயம்புத்தூரில் முப்பது வருஷமாக அதைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு.

சில வருஷங்களுக்கு முன்னால், ஐப்பசி மழை நேரத்தில், கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பட்டறை ஒன்றிலிருந்து கூப்பிட்டார்கள். கதவுக்கு அடித்த பெயிண்ட் காய்ந்ததும் பொட்டுப் பொட்டாகக் குழி விழுகிறதாம். முதலாளி பெயிண்ட் டப்பாவை மாற்றிப் பார்த்தார், தின்னரை மாற்றினார், பெயிண்டரையும் திட்டித் தீர்த்துவிட்டார். நான் டேங்கின் அடியில் குனிந்து பார்த்தேன். தண்ணீரை வடிக்கும் டிரெயின் வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. "இதை எப்ப அண்ணா திறந்தீங்க?" என்றேன். "அது எதுக்குப்பா இருக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மெஷினை நிறுத்தி, காற்றை முழுக்க இறக்கிவிட்டு, எண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருப்பினேன். பால் அதிகமாகிப்போன காபி நிறத்தில் அரை வாளி தண்ணீர் கொட்டியது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நாம் மூச்சு விடும் காற்றில் இருந்துதான். 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். அந்தக் காற்றை 100 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தத்துக்கு ஏற்றினால் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். டேங்கில் ஆறியதும் அவ்வளவு சின்ன இடத்தில் நாலு கிராம் ஆவிதான் தங்க முடியும். மீதி 20 கிராம் தண்ணீராகி அடியில் இறங்கிவிடும். நிமிஷத்துக்கு 500 லிட்டர் காற்றை இழுக்கும் மெஷின் நாலு மணி நேரம் விடாமல் ஓடினால், இந்தக் கணக்குப்படி இரண்டு லிட்டருக்கு மேல் தண்ணீர் சேர வேண்டும். அதில் கொஞ்சம் காற்றோடு போய்விடும், பெயிண்டில் குழி விழுந்தது அதனால்தான். பாக்கி டேங்கிலேயே கிடக்கும்.

அதனால் தினமும் காலையில் மெஷினைப் போடும் முன், டேங்கில் 10, 20 பவுண்டு காற்று இருக்கும்போது டிரெயின் வால்வை மெதுவாகத் திறங்கள். முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். இரவெல்லாம் ஆறிய தண்ணீர் முழுக்க வந்துவிடும். ஒரு நிமிஷ வேலைதான்.

திறக்காமல் விட்டால் பெயிண்ட் கெடுவது சின்ன நஷ்டம். டேங்க் உள்ளேயிருந்து அரிப்பதுதான் பெரிய விஷயம். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், அடியில் தகடு மெலிந்துகொண்டே வரும். ஒருநாள் ஊசி முனையளவு ஓட்டை தெரியும். நம் ஆட்கள் அதன்மேல் எம்-சீலை அப்புவார்கள், இல்லாவிட்டால் வெல்டிங் வைப்பார்கள். ரெண்டும் வேண்டாம். ஓட்டை விழுந்த இடத்தைச் சுற்றியும் தகடு மெலிந்துதான் இருக்கும். டேங்கை மாற்றிவிடுங்கள். டேங்கைச் சோதிக்கும்போது தண்ணீர் நிரப்பித்தான் அழுத்தம் ஏற்றுவார்கள், ஏன் தெரியுமா? தண்ணீர் கிட்டத்தட்ட சுருங்காது. தகடு கிழிந்தால் தண்ணீர் பீய்ச்சியடித்து அழுத்தம் உடனே இறங்கிவிடும். காற்று அப்படியில்லை, அமுக்கி வைத்த ஸ்பிரிங் மாதிரி. கிழிந்தால் இரும்பையே தூக்கி எறியும்.

அழுத்தம் அளவு மீறினால் காற்றைத் தானே வெளியே விடத்தான் சேஃப்டி வால்வை வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அதன் வளையத்தை இழுத்து, 'புஸ்' என்று காற்று விடுகிறதா, விட்டதும் மூடிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஒரு கடையில் அது ஒழுகுகிறது என்று கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு அந்தக் கடையில் நான் டீ கூடக் குடிக்கவில்லை, முதலில் கம்பியை அவிழ்த்தேன்.

மற்ற வேலைகள் சுலபம். ஏர் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றி, உள்ளிருந்து வெளியே காற்றடித்துத் தூசி போக்குங்கள். அது அடைத்தால் மெஷின் சூடாகும், காற்றோடு ஆயிலும் போகும். ஆயில் அளவை மெஷின் நின்றபிறகு பாருங்கள். ஆயில் தெரியும் கண்ணாடியின் நடுப்புள்ளி வரை இருந்தால் போதும். கம்ப்ரஸர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். பைக்குக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள், வால்வு தகட்டில் கரி கட்டிக்கொள்ளும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பது மெஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பெல்ட்டை நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கட்டும். அதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். அழுத்தம் குறைந்தால் சொல்லாமல் கொள்ளாமல் ஓட ஆரம்பிக்கும் மெஷின் இது. விரல் போனவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், காது கொடுத்துக் கேட்க வேண்டிய சத்தம் ஒன்று இருக்கிறது. டேங்க் நிறைந்து மோட்டார் நின்றதும், அதை நிறுத்தும் பிரஷர் சுவிட்ச் பக்கம் சில விநாடி 'புஸ்ஸ்' என்று கேட்டு அடங்கும். அது சரியான சத்தம்தான், காற்றை அமுக்கும் ஹெட்டுக்குள் மாட்டிய காற்று வெளியேறுகிறது. அடங்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் டேங்கிலிருந்து காற்று திரும்பாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் அழுக்கு என்று அர்த்தம். டேங்க் காற்றே பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜாயின்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி நுரைக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் ஓட்டை போதும், 100 பவுண்டில் நிமிஷத்துக்கு 70 லிட்டர் காற்று போய்விடும். கரண்ட் பில்லில் அதுவும் சேர்ந்துதான் வரும்.

அந்தப் பெயிண்ட் பட்டறை முதலாளி இப்போது ஒரு வேலை செய்கிறார். மெஷின் புதிதாக சர்வீஸ் ஆன அன்று, காலி டேங்க் நிறைய எத்தனை நிமிஷம் ஆனது என்று சுவரில் சாக்பீஸால் எழுதச் சொல்லியிருந்தேன். 6 என்று எழுதினார். மாதாமாதம் கடிகாரம் பார்க்கிறார். போன மாதம் போன் செய்து, "தம்பி, எட்டரை ஆகுது, பிஸ்டன் ரிங் போயிருக்குமா?" என்று கேட்டார். ஃபில்டரைப் பாருங்கள் என்றேன். மறுநாள் காலையில் மறுபடி போன்: "ஆறே கால்."

நன்றி, வணக்கம்.