3,000 ராத்தல் சர்க்கரை

நேயர்களுக்கு வணக்கம்.

கரீபியத் தீவுக் கூட்டத்துக்குக் கிழக்கே, அட்லாண்டிக் கடலில் தனியாக ஒதுங்கி நிற்கிறது பார்படோஸ். பரப்பளவு சுமார் 430 சதுர கிலோமீட்டர்தான். 1627-இல் ஆங்கிலேயர்கள் இங்கே குடியேறினார்கள். அதே கப்பலில் அடிமைகளையும் கொண்டுவந்து இறக்கினார்கள். புகையிலை போட்டார்கள், அது தரமாக வரவில்லை. 1640-களில் பிரேசிலிலிருந்து கரும்பு காய்ச்சும் வித்தை வந்து சேர்ந்தது. பிறகு தீவின் காடுகள் அழிய ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது.

வெட்டிய கரும்பு காத்திருக்காது. ஓரிரு நாளில் சாறு புளித்துவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலை இரவிலும் ஓடியது. செங்குத்தாக நிறுத்திய மூன்று உருளைகளுக்கு இடையே கையால் கரும்பைக் கொடுக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் விரல் சிக்கினால் உருளை கையையே இழுத்துக்கொள்ளும். காற்றில் சுழலும் ஆலையை நினைத்தவுடன் நிறுத்திவிட முடியாது. சிக்கியவரின் கையை வெட்டி உயிரையாவது மீட்க, பக்கத்திலேயே ஒரு கோடரி வைத்திருந்தார்கள். அதைத் தீட்டி வைப்பதும் யாரோ ஒருவருடைய அன்றாட வேலையாக இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

1661-இல் பார்படோஸ் சட்டமன்றம் அடிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. தண்டிக்கும்போது அடிமை இறந்துபோனால் எஜமானுக்குத் தண்டனை இல்லை. வேண்டுமென்றே கொன்றிருந்தால் அபராதம் உண்டு: 3,000 ராத்தல் (சுமார் 1,360 கிலோ) நாட்டுச் சர்க்கரை. ஓர் உயிரின் விலையை, அந்த உயிரைக் குடித்த பண்டத்தாலேயே நிறுத்துக் கொடுத்தார்கள்.

பிரிட்டனின் விரிவாக்கத்தைப் போர்க் கப்பல்களின் கதையாகவே நாம் படித்திருக்கிறோம். என் பார்வையில் பார்படோஸ்தான் அதற்கு நாற்றங்கால். 1655-இல் அப்போது இங்கிலாந்தை ஆண்ட கிராம்வெல் அனுப்பிய படை, ஹிஸ்பானியோலா தீவில் தோற்று, ஸ்பெயினிடமிருந்து ஜமைக்காவைப் பிடித்தது. அந்தப் படைக்கு ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்ததும் பார்படோஸில்தான். ஜமைக்கா பார்படோஸைப்போல் இருபத்தைந்து மடங்கு பெரிய தீவு. 1664-இல் அடிமைச் சட்டமும் அங்கே பெயர்த்து நடப்பட்டது. வட அமெரிக்காவில், கரும்பு விளையாத கரோலினாவுக்குக்கூட, குடியேறிய பார்படோஸ்காரர்களோடு அது போய்ச் சேர்ந்தது. 1763-இல் கிரெனடா, டொமினிக்கா, செயிண்ட் வின்சென்ட், டொபாகோ ஆகியவையும் பிரிட்டன் வசமாயின. அங்கும் கரும்பு, அங்கும் அடிமைகள்.

அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறியது. இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் இழப்பீட்டுக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2 கோடி பவுன் ஒதுக்கினார்கள். அத்தனையும் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. ஆலையில் கை இழந்தவர்களுக்கு ஒரு காசும் கிடையாது. 1834-இல் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகும், பெரியவர்கள் 'தொழில் பழகுநர்' என்ற புதுப் பெயரோடு அதே தோட்டங்களில், அதே எஜமான்களுக்குக் கூலியின்றி உழைத்தார்கள். 1838 ஆகஸ்ட் முதல் நாள்தான் அவர்கள் விடுபட்டார்கள்.

நன்றி, வணக்கம்.