இரண்டு சீசன் கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். இந்த நாட்டுக்கு வந்த நம்மில் பலர் ஏதோ ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் சட்டையை வாங்கிப் போட்டிருப்போம், சனிக்கிழமை அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்துக்கு ஒரு முறையாவது போயிருப்போம். லட்சம் பேர் கத்தும் அந்த மைதானங்களைப் பற்றி இன்று பேசப் போவதில்லை. எழுநூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஓர் ஊரில் இருக்கிற இரண்டு வருடக் கல்லூரியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

ஊர் பெயர் ஸ்கூபா. கடலில் முங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சோக்டா பழங்குடி மக்களின் மொழியில் நாணல் காட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். மிசிசிப்பி மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், மெரிடியனிலிருந்து 45-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வரும். அங்கே 1927-இல், ஒரு விவசாய உயர்நிலைப் பள்ளியிலிருந்து வளர்ந்து உருவான கல்லூரிதான் ஈஸ்ட் மிசிசிப்பி ஜூனியர் காலேஜ். இப்போது கம்யூனிட்டி காலேஜ் என்று பெயர். ஆந்திராப் பக்கம் ஜூனியர் காலேஜ் என்றால் பிளஸ் டூ. இங்கே அப்படியில்லை, பள்ளி முடித்த பிறகு சேரும் இரண்டு வருடக் கல்லூரி. முடித்துவிட்டு வேலைக்கும் போகலாம், நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடமும் சேரலாம்.

நான் அதே மாநிலத்தின் ஸ்டார்க்வில் ஊரில் படித்துக்கொண்டிருந்த நாட்களில் நண்பர் ஒருவர் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் காரில் ஏற்றி அங்கே கூட்டிப்போனார். ஏன் வியாழக்கிழமை என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட ஆட்டம், சனிக்கிழமை பல்கலைக்கழக ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை ஆட்டம். மிச்சம் இருப்பது வியாழன், அதனால் மிசிசிப்பியின் ஜூனியர் காலேஜ்கள் பெரும்பாலும் அன்றைக்கு ஆடுகின்றன என்றார். அந்தப் பதிலே எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. மற்றவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சிய நாளில்தான் இவர்களுக்கு விளக்கு எரிகிறது. ஆனால் அந்த விளக்குக்குக் கீழே ஆடியவர்களின் வேகத்தைப் பார்த்தபோது, இவர்கள் ஏன் இங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி வீடு திரும்பும்வரை என்னை விடவில்லை.

சரி, ஏன் இங்கே இருக்கிறார்கள்? பள்ளியில் மதிப்பெண் போதாமல் வந்தவர்கள் உண்டு. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று வெளியே அனுப்பியதால் வந்தவர்கள் உண்டு. உயரம் பத்தாது, எடை பத்தாது என்று யாரும் கூப்பிடாதவர்களும் உண்டு. வந்தவர்களுக்கு இரண்டு சீசன். மிசிசிப்பியில் ஒரு சீசனுக்கு வழக்கமாக ஒன்பது ஆட்டம், நன்றாக ஆடினால் அதற்கு மேல் பிளே ஆஃப், அதாவது பட்டத்துக்கான ஆட்டங்கள். ஆக மொத்தம் பதினெட்டு இரவுகள், கொஞ்சம் கூடலாம். அவ்வளவுதான் ஒருவருக்குக் கிடைப்பது.

நான்கு வருடக் கல்லூரி அணியில் மூத்தவர்கள் இருப்பார்கள், இளையவர்கள் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். இங்கே ஒவ்வொரு வருடமும் பாதி அணி கிளம்பிவிடும், அதற்கு முன்னாலேயே யாராவது பல்கலைக்கழகம் கூப்பிட்டால் டிசம்பரிலேயே போய்விடுவார்கள். பயிற்சியாளர் ஆகஸ்டில் பெயர்களை மனப்பாடம் செய்து, நவம்பருக்குள் ஒரு அணியாக்கி, ஜனவரியில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நம் ஊரில் நாற்றங்கால் போடுவோம் இல்லையா, அதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. பறித்து வேறு வயலில் நடுவதற்காகவே வளர்ப்பது. விளைச்சல் எப்போதும் அந்த வேறு வயலின் கணக்கில்தான் எழுதப்படும்.

லகாரெட் பிளவுண்ட் ஸ்கூபாவில் ஆடியவர். பிறகு ஓரிகன் பல்கலைக்கழகம், பிறகு தொழில்முறை ஆட்டம், அதன் இறுதியாட்டமான சூப்பர் பௌலில் மூன்று வெற்றிகள். அவரை நேயர்கள் பேட்ரியாட்ஸ் வீரராகவோ ஈகிள்ஸ் வீரராகவோதான் நினைவில் வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவின் பியூட் காலேஜிலிருந்து வந்த ஆரன் ராஜர்ஸ் கதை இன்னும் சுவையானது. பள்ளி முடிக்கும்போது பெரிய பல்கலைக்கழகம் எதுவும் அவருக்கு உதவித்தொகை தரவில்லை. பெர்க்லி பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜெஃப் டெட்ஃபோர்ட் பியூட் அணியில் இருந்த இன்னொரு வீரரைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார், அந்த வீரருக்குப் பந்து வீசிய பையன் கண்ணில் பட்டார். அந்த இன்னொருவரை யாரும் பார்க்கப் போகாமல் இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆண்கள் கதையை மட்டும் சொன்னால் தப்பு. டெக்சாஸின் லெவலண்ட் ஊரில் சவுத் பிளெயின்ஸ் காலேஜ். ஷெரில் ஸ்வூப்ஸ் முதலில் சேர்ந்தது ஆஸ்டினில் உள்ள பெரிய பல்கலைக்கழகத்தில். வீட்டு ஏக்கம் தாங்காமல் சில நாட்களிலேயே திரும்பிவிட்டார். பிரவுன்ஃபீல்டில் அம்மா இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில், இந்தச் சின்னக் கல்லூரியில் இரண்டு வருடம் கூடைப்பந்து ஆடினார். அப்புறம் டெக்சாஸ் டெக் போய் 1993 தேசிய இறுதியாட்டத்தில் ஒற்றை ஆளாக 47 புள்ளி எடுத்தார். அவருக்கு அந்தக் கல்லூரி கடைசி வாய்ப்பு அல்ல, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லூரி. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி வீட்டை விட்டுத் தூரமாக இருக்க முடியவில்லை என்று சொன்னால், அவளுக்கு ஒரு இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசி வாய்ப்பு என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எடுக்கிறேன். 2016-இல் நெட்ஃபிளிக்ஸில் 'லாஸ்ட் சான்ஸ் யூ' என்ற ஆவணத் தொடர் வந்தது, ஸ்கூபா உலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான். நல்ல தொடர், பார்த்தேன், அழுதேன். அதில் நான் மறக்காதது ஆட்டமே இல்லை. பிரிட்டனி வாக்னர் என்கிற கல்வி ஆலோசகர் ஒவ்வொரு வீரராகப் பிடித்து, பென்சில் இருக்கிறதா, வகுப்புக்குப் போனாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பென்சில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பள்ளி மதிப்பெண்ணில் தகுதி பெறாத ஒரு பையன் இங்கிருந்து முதல் தரப் பல்கலைக்கழக அணிக்குப் போக வேண்டுமானால் இரண்டு வருடப் பட்டத்தை முடிக்க வேண்டும், மதிப்பெண் சராசரி நான்குக்கு 2.5 எடுக்க வேண்டும். களத்தில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் காலை எட்டு மணி வகுப்பில் உட்காராவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. அதனால் அந்தப் பென்சில் ஹெல்மெட்டுக்குச் சமம் என்றே சொல்வேன்.

ஆனால் தொடரின் பெயரோடு எனக்கு இன்னும் சண்டை உண்டு. கடைசி வாய்ப்பு என்று சொல்லும்போது, அந்த இரண்டு வருடமும் தப்பிப் போக வேண்டிய இடமாகிவிடுகிறது. இன்னொன்றையும் பாருங்கள். ஸ்கூபா அணி தேசிய சாம்பியன் ஆனது 2011, 2013, 2014, 2017, 2018 ஆகிய வருடங்களில், எல்லாம் பட்டி ஸ்டீவன்ஸ் பயிற்சியில். கேமரா அங்கே இருந்தது 2015, 2016 சீசன்களில். அதாவது கேமரா வருவதற்கு முன்னால் மூன்று பட்டம், போன பிறகு இரண்டு பட்டம். உலகம் பார்த்த இரண்டு சீசன்களில் ஒன்றுகூட இல்லை.

2015-இல் என்ன ஆனது என்று சொல்ல வேண்டும், எனக்கு அதில் மனத்தாங்கல் இருக்கிறது. அக்டோபரில் மிசிசிப்பி டெல்டா கல்லூரியோடு ஆட்டம். முதல் பாதி முடியும் முன்பே ஸ்கூபா அணி 48–0 என்று முன்னால் இருந்தது. அப்போது களத்தில் அடிதடி தொடங்கியது, இரண்டு பக்கமும் வெளியில் நின்றவர்களும் ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள், ஆட்டம் நின்றது. அணிக்கு பிளே ஆஃபில் ஆடத் தடை. தேசியப் பட்டத்தை நோக்கிப் போன சீசன் சில நிமிடங்களில் போனது. தண்டனை தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் வருடப் பையன்களுக்கு அடுத்த வருடம் உண்டு. இரண்டாம் வருடத்தினருக்கு? பெரிய கல்லூரியில் ஒரு சீசன் போனால் கால்வாசி போகும், இங்கே பாதி போகிறது. கோபம் வரும்போது இந்தக் கணக்கைப் பத்தொன்பது வயதில் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை, அதைப் போட்டுச் சொல்வது பெரியவர்கள் வேலை.

அதே ஊரில் முன்பு ஒரு பயிற்சியாளர் இருந்தார். பாப் சல்லிவன், புல் சைக்ளோன் என்று பட்டப்பெயர், இரண்டாம் உலகப் போரில் பசிபிக்கில் சண்டை போட்ட மரைன் படைவீரர். 1950-இல் வந்தார், இடையில் சில வருடம் விட்டு 1969 வரை இருந்தார். மற்றவர்கள் பந்தைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இவர் வீசி ஆடும் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். குளக்கரையில் பையன்களை முதுகு தண்ணீரைப் பார்க்க நிறுத்துவாராம், எதிராளி தள்ளிப் பின்வாங்கினால் தண்ணீரில் விழ வேண்டியதுதான். ஹெல்மெட்டில் மண்டை ஓடும் எலும்பும். அந்தக் கண்டிப்பை நான் புகழவில்லை, இன்று யாரும் என் பிள்ளையை அப்படி நடத்த நான் விட மாட்டேன். ஆனாலும் அவர் கையில் வளர்ந்த ஆட்கள் கிழவர்களான பிறகும் அவரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. கல்லூரி 1969-இல் அவரை வேலையிலிருந்து நீக்கியது, அடுத்த வருடம் இறந்துபோனார். 1984-இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை அவரைப் பற்றி நீண்ட கட்டுரை போட்ட பிறகுதான் வெளியுலகம் அவர் பெயரைக் கேட்டது. இன்று மைதானத்தின் பெயரில் அவர் பெயர் இருக்கிறது.

சின்னக் கல்லூரி என்றால் எவ்வளவு சின்னது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1988, வடக்கு டகோட்டா. பிஸ்மார்க்கில் உள்ள யுனைடெட் டிரைப்ஸ் என்ற பழங்குடியினர் கல்லூரிக்கும் பாட்டினோ என்ற வனவியல் கல்லூரிக்கும் கூடைப்பந்து. யுனைடெட் டிரைப்ஸ் அணிக்கு அன்று ஐந்தே பேர்தான், மாற்றாள் கிடையாது. ஆட்டத்தின் போக்கில் ஃபவுல் கணக்கு முடிந்து ஒருவர் வெளியேறினார், அப்புறம் இன்னொருவர். கடைசியில் மூன்று பேர், எதிரே ஐந்து பேர். 84–81, வென்றது அந்த மூன்று பேர். இதை நான் எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை.

இப்படிப்பட்ட அணிகள் எப்போதும் இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். அரிசோனாவில் மாரிகோபா மாவட்டத்தின் நான்கு கல்லூரிகள் 2018 சீசனோடு ஃபுட்பாலை நிறுத்தின. செலவும் காப்பீடும் கட்டுப்படியாகவில்லை என்பது காரணம். அந்த நான்கு கல்லூரியிலும் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் ஆடினார்கள். நிறுத்தியவர்கள் கையில் தாளில் எழுதிய கணக்கு இருந்தது. ஷெரில் ஸ்வூப்ஸ் மாதிரி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடம் தேடும் பிள்ளையை அந்தத் தாளில் எந்த வரியில் எழுதுவது?

கணக்கு என்றதும் கடைசியாக ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். டியேகோ பாவியா, நியூ மெக்சிகோக்காரர், குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர். ராஸ்வெல்லில் உள்ள நியூ மெக்சிகோ மிலிட்டரி இன்ஸ்டிட்யூட்டில் ஆடி 2021-இல் ஜூனியர் காலேஜ் தேசியப் பட்டம் வென்றார். பிறகு நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகம், பிறகு வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம். 2024 அக்டோபர் 5 அன்று நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமா பல்கலைக்கழக அணியை 40–35 என்று வென்றது வாண்டர்பில்ட், பந்து வீசியது இவர். அந்த சீசனோடு நீங்கள் ஆட அனுமதி உள்ள வருடங்கள் தீர்ந்துவிட்டன என்றது பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. ஜூனியர் காலேஜில் ஆடிய சீசன்களையும் தன் கணக்கில் கழித்துக்கொண்டது. அந்தக் கல்லூரிகள் அந்தச் சங்கத்தில் உறுப்பினரே இல்லை. பாவியா வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் நாஷ்வில் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தடையுத்தரவு தந்தது, அதே நிலையில் இருந்த மற்றவர்களுக்கும் சங்கம் ஒரு வருடம் விட்டுக்கொடுத்தது.

அந்தத் தீர்ப்பில் எனக்குச் சந்தோஷம். ஆனால் அந்த வாரம் முழுக்க எல்லோரும், ஜூனியர் காலேஜ் சீசன் கணக்கில் வராது, கணக்கில் வராது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், அது எனக்கு உறுத்தியது. பையனிடமிருந்து கழிக்கக் கூடாது, சரி. அதற்காக ஆடாத சீசனாகிவிடுமா? ராஸ்வெல்லில் அவர்கள் வாங்கிய கோப்பை கோப்பைதான். பிஸ்மார்க்கில் அந்த மூன்று பேர் எடுத்த புள்ளி புள்ளிதான்.

உங்கள் பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் சேருகிறேன், அங்கே ஆடவும் செய்கிறேன் என்று சொன்னால், அக்கம்பக்கத்தில் என்ன சொல்வது என்று முகம் சுளிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த வீடுகளில் அது நடந்திருக்கிறது, அந்தப் பிள்ளைகள் அணிச் சட்டையை வீட்டில் மறைத்து வைத்தார்கள்.

நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்கிறேன். செப்டம்பரில் அந்தப் பக்கம் காரில் போகிறவர்கள் யாராவது இருந்தால், வியாழக்கிழமையாகப் பார்த்துக் கிளம்புங்கள். 45-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து ஸ்கூபாவுக்குத் திரும்பினால் இருட்டில் விளக்குக் கம்பங்கள் தெரியும். இரண்டாம் பாதிவரை இருந்து பாருங்கள், முதல் வருடப் பையன்கள் அப்போதுதான் இறங்குவார்கள்.