ரய் நகரத்து வாக்குவாதம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

முஸ்லிம்களுக்கும் நாத்திகர்களுக்கும் நடக்கும் விவாதத்தைப் பற்றிப் பேசச் சொன்னபோது கொஞ்சம் தயங்கினேன். இந்த விவாதம் எங்கே தொடங்கினாலும் பத்து நிமிடத்தில் ஒரே தடத்துக்கு வந்துவிடும். ஒருவர், "கரு எப்படி வளர்கிறது என்பதை எங்கள் வேதம் அன்றைக்கே சொல்லிவிட்டது" என்பார். மற்றவர், "அதைக் கிரேக்க மருத்துவர் அதற்கும் முன்பே சொல்லிவிட்டாரே" என்பார். அந்தக் கிரேக்க மருத்துவர் பெயரைச் சிலர் தமிழில் காலன் என்று எழுதிவிடுகிறார்கள். வைத்தியருக்கு எமன் பெயர் வேண்டாம் என்று, யூனானி வைத்தியர்களான ஹக்கீம்கள் சொல்கிறபடி ஜாலீனூஸ் என்றே சொல்கிறேன்.

அந்தத் தடத்தில் இன்று போகப்போவதில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசியதைச் சொல்கிறேன். ஊர் ரய். இன்றைய டெஹ்ரானின் தென்கோடியில் இருக்கிறது. மாநகரம் வளர்ந்து அதை விழுங்கிவிட்டது, மெட்ரோ ரயிலிலேயே போய் இறங்கலாம். இரண்டு பேரும் அந்த ஊரைச் சேர்ந்தவர்கள் என்பதால் இரண்டு பேருக்குமே ராஸி என்றுதான் பெயர். ஒருவர் மருத்துவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸக்கரிய்யா ராஸி. மற்றவர் அபூ ஹாத்திம் ராஸி, இஸ்மாயிலி ஷியா பிரிவின் பிரச்சாரகர். குழப்பம் வராமலிருக்க மருத்துவரை ராஸி என்றும் மற்றவரை அபூ ஹாத்திம் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

ராஸியின் பெயரை நான் முதலில் கேட்டது எங்கள் தெரு ஹக்கீம் சாயபுவிடம். சின்னச் சின்ன மர இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வாசனை. கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டே, "இது ஸக்கரிய்யா ராஸி சொன்ன பக்குவம்" என்பார். மஃஜூன் லேகியத்தைச் சப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். யூனானி மருத்துவத்தில் ராஸிக்கு அவ்வளவு பெரிய இடம். பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என்று பிரித்துக் காட்டித் தனி நூல் எழுதியவர். ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தவர்.

அதே ராஸியை மார்க்க அறிஞர்கள் முல்ஹித் என்றார்கள். பாதை விலகியவர் என்று பொருள். இன்றைய அரபியில் நாத்திகரைக் குறிக்கும் சொல்லும் அதுதான். ஆனால் ராஸி இன்றைய பொருளில் நாத்திகர் அல்ல. படைத்தவன் இருக்கிறான் என்று நம்பினார். அவனோடு ஆன்மா, பருப்பொருள், காலம், இடம் என்று ஐந்தும் ஆதியில்லாதவை என்பது அவர் கொள்கை. அவர் கை வைத்தது வேறு இடத்தில். இறைவனுக்கும் மனிதனுக்கும் நடுவில் ஒரு தூதர் எதற்கு என்று கேட்டார்.

இங்கே ஒரு சொல் விஷயம். ஆங்கிலத்தில் நபித்துவத்துக்கும் முன்னறிவிப்புக்கும் ஒரே சொல்லைப் போட்டுக் குழப்புகிறார்கள். தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நடக்கப்போவதைச் சொல்வது முன்னறிவிப்பு. இறைவனின் செய்தியைக் கொண்டுவருவது நபித்துவம். ரய்யில் நடந்த சண்டை நபித்துவத்தைப் பற்றியது.

ராஸி எடுத்த எடுப்பிலேயே கேட்டதன் சாரத்தை என் சொற்களில் சொல்கிறேன். இறைவன் ஞானமுள்ளவன், கருணையுள்ளவன் என்கிறீர்கள். சரி. எது நன்மை, எது கேடு என்ற அறிவை அவன் எல்லோருக்கும் கொடுத்திருக்க வேண்டாமா? ஒரு கூட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவர்களை அவர்கள் பின்னால் நடக்கவிட்டால், ஆளுக்கொரு தலைவனைப் பிடித்துக்கொண்டு மக்கள் வெட்டிக்கொண்டு சாகமாட்டார்களா?

அபூ ஹாத்திம் அசரவில்லை. உலகத்தைப் பாருங்கள் என்றார். எங்கே எல்லோரும் சமமாக இருக்கிறார்கள்? எந்தத் தொழிலை எடுத்தாலும் சொல்லிக்கொடுக்க ஒருவர், கற்றுக்கொள்ள ஒருவர். அப்புறம் ராஸியையே மடக்கினார். மற்றவர்களுக்கு இல்லாத தத்துவ அறிவு உங்களுக்கு இருப்பதாக நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். அப்படியானால் நீங்களும் ஒரு தலைவர்தானே? எல்லோருக்கும் சமமாகக் கிடைத்த அறிவு உங்களிடம் மட்டும் எப்படிக் கூடுதலாக வந்து சேர்ந்தது?

ராஸியின் பதில் எனக்குப் பிடிக்கும். எனக்கென்று தனியாக எதுவும் தரப்படவில்லை, நான் தேடினேன், மற்றவர்கள் தேடவில்லை, அவ்வளவுதான் என்றார். அவர்களும் மந்தமானவர்கள் அல்ல. தங்கள் தொழிலிலும் வியாபாரத்திலும் நமக்குப் புரியாத நுட்பமெல்லாம் செய்கிறார்கள். அந்தப் புத்தியை இந்தப் பக்கம் திருப்பினால் இங்கேயும் வருவார்கள் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து இரவு வரை தறியில் கிடப்பவனிடம் போய், "நீயும் திருப்பினால் வரும்" என்று சொன்னால் அவன் எப்போது திருப்புவது? இந்தச் சுற்றில் எனக்கு அபூ ஹாத்திம் பக்கம்தான் சாய்வு.

அடுத்த சுற்று மருத்துவருடையது. உங்கள் தத்துவவாதிகளே ஒருவருக்கொருவர் முரண்படுகிறார்களே, நீங்கள் பிளேட்டோவையும் அரிஸ்டாட்டிலையும் மறுத்துப் பேசுகிறீர்களே, இதில் எது உண்மை என்று கேட்டார் அபூ ஹாத்திம். பின்னால் வருபவன் முன்னோரிடம் கற்று, அவர்கள் விட்ட இடத்திலிருந்து மேலே போகிறான், முழு உண்மையை எட்டாவிட்டாலும் முயன்றவன் உண்மையின் பாதையில்தான் இருக்கிறான் என்றார் ராஸி. இது வாய்ப்பேச்சு அல்ல. ஜாலீனூஸை அவர் ஆசானாகவே மதித்தார். அந்த ஆசான் மீது தனக்கு எழுந்த ஐயங்களையெல்லாம் தொகுத்துத் தனி நூலே எழுதினார். அபூ ஹாத்திம் விடவில்லை. வருபவர்களெல்லாம் ஒரு கருத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் கருத்து வேறுபாடுதானே பெருகும் என்றார். பெருகும்தான். அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அப்புறம் வந்தது மருந்துப் பேச்சு. உலகத்தில் இத்தனை செடி, கொடி, வேர், பட்டை இருக்கின்றன. எது மருந்து, எது நஞ்சு என்று இவற்றையெல்லாம் யார் தின்று பார்த்திருக்க முடியும், எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று அபூ ஹாத்திம் தன் நூலில் வாதாடுகிறார். ஆக மருத்துவமும் வானநூலும் ஆதியில் நபிமார்கள் கற்பித்தவை. உங்கள் கிரேக்கர்கள் அதைத்தான் வாங்கிக்கொண்டார்கள் என்பது அவர் முடிவு. எனக்கு உடனே நம் சித்தர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். நம்மூரிலும் மருந்துக்கு மூலம் தேடிப் போனால் சிவனிடம்தான் போய் நிற்கும்.

ராஸியின் மருத்துவக் குறிப்புகளில் ஓரிடம் இதற்குப் பதில்போலவே இருக்கிறது. மூளைக் காய்ச்சலின் அறிகுறிகள் தெரிந்தால் இரத்தம் எடுத்துவிட வேண்டும் என்பது அன்றைய வைத்தியம். ஒரு கூட்டத்துக்கு அப்படி எடுத்தேன், இன்னொரு கூட்டத்துக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டேன், இரண்டையும் பார்த்து ஒரு முடிவுக்கு வரலாம் என்று எழுதுகிறார். அவர் வந்த முடிவு தவறு. இரத்தம் எடுப்பதால் அந்த நோய் தீராது. எடுக்காமல் விடப்பட்டவர்களிடம் கேட்டாரா என்ற கேள்வியும் எனக்கு உண்டு. ஆனால் ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று பத்தாம் நூற்றாண்டிலேயே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. யார் தின்று பார்த்தார்கள் என்று கேட்டவருக்கு, அதே ஊரிலேயே ஆள் இருந்தார்.

இதையெல்லாம் நமக்குச் சொன்னது யார்? நபித்துவம் பற்றி ராஸி எழுதிய நூல் நம் கைக்கு வரவில்லை. அபூ ஹாத்திம் எழுதிய மறுப்பு நூலான அஃலாமுன் நுபுவ்வாவில் மேற்கோளாகத்தான் மிஞ்சியிருக்கிறது. அதிலும் எதிராளியின் பெயரே கிடையாது, முல்ஹித் என்று மட்டும் வருகிறது. அது ராஸிதான் என்று பெயரைச் சொன்னவர் பின்னால் வந்த கிர்மானி, அவரும் இஸ்மாயிலி. ராஸி உண்மையிலேயே எல்லா நபிமார்களையும் மறுத்தாரா, இல்லை தங்கள் மதத்தலைவரான இமாமுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படியச் சொன்னவர்களைத்தான் எதிர்த்தாரா என்று இன்றும் ஆய்வாளர்கள் சண்டை போடுகிறார்கள்.

கல்லூரி நாட்களில் இதை அரைகுறையாகப் படித்துவிட்டு ஹக்கீம் சாயபுவிடம் போய், "நீங்கள் கொண்டாடுகிற ராஸி நபிமார்களை மறுத்தவராமே" என்று கேட்டேன். தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யார் எழுதியது?" என்றார். "அவரோடு வாதாடியவர்" என்றேன். "வாதாடியவரா?" என்று கேட்டுவிட்டு அதிமதுரத்தை நிறுக்கப் போய்விட்டார்.

ராஸிக்கும் முன்னால் இப்னு ராவந்தி என்று ஒருவர் இருந்தார். நபி சொல்வது அறிவுக்குப் பொருந்தினால் அறிவே போதும், நபி எதற்கு. பொருந்தாவிட்டால் அதை ஏன் ஏற்க வேண்டும் என்ற வாதத்தை அவர் பராஹிமா, அதாவது இந்தியப் பிராமணர்கள், வாயில் வைத்துச் சொன்னார். வேதமே பிரமாணம் என்று நம்பிய பிராமணர்கள் இதைக் கேட்டிருந்தால் திகைத்துப்போயிருப்பார்கள். தான் சொல்லப் பயந்ததைத் தூரத்து ஊர்க்காரன் சொன்னதாகச் சொல்வது பழைய தந்திரம்.

இப்போது அறிவியலுக்கு வருவோம். அறிவியல் எல்லாம் வேதத்தில் இருக்கிறது என்ற வாதம் இன்றைய வடிவத்தில் பெரிதாகப் பரவியது 1976இல் மோரீஸ் புகாய் என்ற பிரெஞ்சு மருத்துவரின் நூலுக்குப் பிறகு. நாத்திகர்களும் அந்த ஆட்டத்துக்குள்ளேயே போய் வசனம் வசனமாகத் தப்புக் கண்டுபிடிக்க உட்கார்ந்தார்கள். இதை முஸ்லிம் அறிஞர்களிடையிலேயே விரும்பாதவர்கள் உண்டு. 1095 வாக்கில் தத்துவவாதிகளை எதிர்த்து எழுதிய இமாம் கஸ்ஸாலியின் முன்னுரையைப் பாருங்கள். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் சந்திரன் வருவதால் சூரிய கிரகணம் என்பது கணக்கால் நிறுவப்பட்டது, அதை மறுப்பது மார்க்கக் கடமை என்று நினைப்பவன் மார்க்கத்துக்குத்தான் கேடு செய்கிறான் என்கிறார். தத்துவவாதிகளின் பெரிய எதிரி என்று பெயர் வாங்கியவர் சொன்னது இது.

கிரகணம் என்றதும் இன்னொன்று. நபிகள் நாயகம் அவர்களின் குழந்தை இப்ராஹிம் இறந்த நாளில் சூரிய கிரகணம் வந்தது. வானியல் கணக்குப்படி அது 632 ஜனவரி 27 என்கிறார்கள். வானமே துக்கம் கொண்டாடுகிறது என்று மக்கள் பேசினார்கள். சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், யாருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் அவை மறைவதில்லை என்று நபி அவர்கள் சொன்னதாக ஹதீஸ். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், தானாக வந்து மடியில் விழுந்த அற்புதத்தை வேண்டாம் என்கிறார். நாத்திக நண்பர்கள் இந்த ஹதீஸை எடுப்பதில்லை. அற்புதம் தேடும் நம்பிக்கையாளர்களும் அவ்வளவாக எடுப்பதில்லை.

முன்னறிவிப்பில் அதிகம் அடிபடுவது குர்ஆனின் அர்ரூம் அத்தியாயம். ரோமர்கள் தோற்றுவிட்டார்கள், சில ஆண்டுகளில் வெல்வார்கள் என்று தொடங்குகிறது. அந்தச் "சில" என்பதற்கான அரபுச் சொல்லுக்கு மூன்று முதல் ஒன்பது வரை என்று பொருள் சொல்வார்கள். இதை நம்பி நபிகளின் தோழர் அபூபக்ர் அவர்கள் மக்காவாசி ஒருவரிடம் ஒட்டகப் பந்தயம் கட்டினார், முதலில் குறைந்த கெடு வைத்துவிட்டு அப்புறம் நீட்டினார் என்று அறிவிப்புகள் உண்டு. பந்தயம் அப்போது தடுக்கப்படவில்லை. ரோமர்கள் கையிலிருந்த ஜெருசலேம் பாரசீகரிடம் விழுந்தது 614இல். ரோமப் பேரரசர் ஹெராக்ளியஸ் படையெடுத்துக் கிளம்பியது 622இல். நினிவேயில் தீர்க்கமாக வென்றது 627 டிசம்பரில். 622ஐ எடுத்தால் எட்டு ஆண்டு, 627ஐ எடுத்தால் பதின்மூன்று. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பதை விவாதிப்பவரே முடிவு செய்துகொள்கிறார். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஜெருசலேம் போன அந்தச் சமயத்தில் ரோமின் மேல் ஒட்டகம் கட்டியவனை ஊரே சிரித்திருக்கும்.

அபூ ஹாத்திமுக்கும் முன்னறிவிப்பில் ஒரு கதை உண்டு. காஸ்பியன் கடலோரத்து மலைநாடான டைலமில் அவருக்குச் செல்வாக்கு இருந்தது. மறைந்திருக்கும் இமாம் இன்ன காலத்தில் வெளிப்படுவார் என்று அவர் சொன்னதாகவும், காலம் வந்தும் இமாம் வராததால் மக்கள் அவர்மேல் திரும்பினார்கள், அவர் ஊரைவிட்டுத் தப்ப வேண்டியதாயிற்று என்றும் பதிவு இருக்கிறது. ராஸி 925இல் இறந்துவிட்டார். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

கடைசிக் காலத்தில் ராஸிக்குக் கண் போய்விட்டது. அவர் இறந்து நூறு ஆண்டுக்கும் மேலான பிறகு அல்பிரூனியிடம் ஒருவர், ராஸியின் நூல்களுக்கு ஒரு பட்டியல் தாருங்கள் என்று கேட்டார். நம் நாட்டைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே அல்பிரூனி. ராஸியின் மதக் கருத்துகள் அவருக்குக் கசப்பு. இளவயதில் ராஸியைப் படித்து, அதில் குறிப்பிட்டிருந்த, பழைய பாரசீகத்தில் தனி மதம் கண்ட மானியின் நூல் ஒன்றைத் தேடி நாற்பது ஆண்டுக்கு மேல் அலைந்தவர். கிடைத்துப் படித்தபோது, இதற்காகவா என்று நொந்துபோனவர். இருந்தும் உட்கார்ந்து பட்டியல் போட்டார். மருத்துவம், இயற்கை, தர்க்கம், கணிதம், ரசவாதம் என்று வகை பிரித்து 184 நூல்கள். அதில் இறைமறுப்பு என்று ஒரு தலைப்பு. அதன் கீழே இரண்டே இரண்டு பெயர். நபித்துவத்தைப் பற்றி ஒன்று, நபியென்று சொல்லிக்கொள்பவர்களின் தந்திரங்களைப் பற்றி ஒன்று. பிடிக்காதவை என்று அந்த இரண்டையும் அவர் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். விடவில்லை, எண்ணிக்கையில் சேர்த்துத்தான் 184.

நன்றி, வணக்கம்.