மூன்று துண்டு வயலும் இரண்டு சோதனைகளும்

வன்னி நேயர்களுக்கு வணக்கம். புள்ளிவிபரவியல் என்றதும் வானொலிப் பெட்டியின் காதைத் திருகிவிடாதீர்கள். வாய்பாடும் வரைபடமும் கேட்கிற பகுதியை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

விவசாய ஆய்வு செய்பவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது பல காலமாக என் வேலை. அறிவியல்நகர் மாணவர்கள் வருவார்கள், களத்தில் நிற்கும் உத்தியோகத்தர்களும் வருவார்கள். கொப்பியைத் திறக்கும் முன்பே கேள்வி வந்துவிடும்: "சேர், இதற்குப் பரமானச் சோதனையா, பரமானமில் சோதனையா?"

வித்தியாசம் பெரிதல்ல. விளைச்சல் எண்கள் இடையை, அதாவது சராசரியை, சுற்றித் திரண்டு, இரு பக்கமும் ஒரே சீராகக் குறைந்துகொண்டு போகும் என்று முதலில் ஏற்றுக்கொள்கிறோம். செவ்வன் பரம்பல் என்பது அதுதான். அந்த நம்பிக்கையில் இரண்டு இடைகளை ஒப்பிடுவது பரமானச் சோதனை. ரி சோதனை அந்த வகை. மற்றது, பரமானமில் சோதனை, அப்படி எந்த வடிவத்தையும் கேட்பதில்லை. வகுப்பில் முதலாம் பிள்ளை 98 எடுத்ததா 71 எடுத்ததா என்று பாராமல், முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று நிலையை மட்டும் பார்க்கிறோமே, அதே போல எண்களை வரிசைப்படுத்தி வரிசை இலக்கங்களை மட்டும் ஒப்பிடுகிறது. வரிசைச் சோதனை இந்த வகை.

இனி என் நெடுநாள் ஆதங்கத்துக்கு வருகிறேன். "மாதிரி சிறிதென்றால், அதாவது அளந்த எண்கள் கொஞ்சமென்றால், பரமானமில் சோதனை" என்று ஒரு விதி கொப்பிக்குக் கொப்பி பிரதியாகிக்கொண்டு திரிகிறது. யார் முதலில் எழுதினார்களோ தெரியாது, நான் அழித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஓர் இளம் உத்தியோகத்தர் வந்தார். இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலில் புதிய பசளை முறை ஒன்றைப் பரீட்சித்திருந்தார். மூன்று துண்டுகளில் புதிய முறை, மூன்றில் பழைய முறை. எண்களைக் கேட்பதற்கு இலகுவாக மாற்றித் தருகிறேன்: புதியதில் ஏக்கருக்கு 92, 95, 97 புசல், பழையதில் 70, 72, 75. கூட வந்திருந்த கமக்காரர் சிரித்தார். "தம்பி, வரம்பில் நின்று பார்த்தாலே தெரிகிறதே, இதற்கு ஏன் கணினி?" ஆனால் கணினி சொன்ன முடிவோ, வித்தியாசம் பொருளுடையதல்ல, தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பது. மாதிரி சிறிதென்று தம்பி வரிசைச் சோதனையைப் போட்டிருந்தார்.

இதைக் கொஞ்சம் ஆறுதலாகக் கேளுங்கள். ஆறு துண்டுகளில் எந்த மூன்று முன்னுக்கு வரும் என்பதற்கு மொத்தம் 20 வழிகள் உண்டு. புதிய முறையின் மூன்றும் மேலே நிற்பது அதில் ஒன்று, மூன்றும் கீழே நிற்பது இன்னொன்று. ஆகவே பசளையால் எந்தப் பயனும் இல்லாவிட்டாலும் இவ்வளவு சுத்தமான பிரிவு 20இல் 2 தடவை, அதாவது நூற்றுக்குப் பத்து, தற்செயலாகவே வரலாம். வழக்கமாக நாம் வைத்திருக்கும் எல்லை நூற்றுக்கு ஐந்து. புதிய முறை 92க்குப் பதிலாக 900 புசல் தந்திருந்தாலும் அந்தச் சோதனை அதே பத்தைத்தான் சொல்லும். மூன்றுக்கு மூன்று என்றால் வரிசைச் சோதனைக்கு வாயே கிடையாது! துண்டுகளை நாலுக்கு நாலாக்கினால் வழிகள் 70 ஆகும், 70இல் 2 என்பது ஐந்துக்குக் கீழே வந்துவிடும். ஒரு துண்டு கூட்டியிருந்தால் போதும். அதைச் சொல்ல வேண்டிய நேரம் விதைப்புக்கு முன்னர்.

அதே ஆறு எண்களுக்கு ரி சோதனையைப் போட்டால், இடைகளின் வித்தியாசம் எண்களின் சிதறலோடு பார்க்க எவ்வளவு பெரிது என்பதை அது ஓர் எண்ணாகச் சொல்லும். வித்தியாசம் பொருளுடையது என்று சொல்ல அந்த எண் 2.78ஐத் தாண்டினால் போதும், கிடைப்பதோ பத்துக்கும் மேல்.

ரி சோதனை பிறந்ததே சிறிய மாதிரிக்காகத்தான். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை செய்த வில்லியம் கொசெற், கையில் இருந்த கொஞ்ச அளவீடுகளை வைத்து முடிவெடுக்க வேண்டியிருந்ததால் அதைக் கண்டுபிடித்து, 1908இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். வரிசைச் சோதனையைத் தந்தவரும் கணிதப் பேராசிரியர் அல்லர். பிராங்க் வில்கொக்சன் ஓர் இரசாயனவியலாளர். அவருடைய சிறு கட்டுரை வந்தது 1945இல். இரண்டு பேரும் நம்மைப் போலத் தொழிலிடத்துக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோசம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ரி சோதனை போடச் சொல்லவில்லை. செவ்வன் பரம்பல் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் ஆறு எண்களுக்குள் இராது. இதே நெல்லை இதே மண்ணில் முன்னைய போகங்களில் அளந்த அனுபவத்தில் இருக்கும்.

முல்லைத்தீவுக் கரைவலையை எடுங்கள். பல நாள் பாடு சொற்பம், ஒரு நாள் வலை கொள்ளாத மீன். அந்த ஒரு நாள் இடையைத் தூக்கிவிடும், எண்களின் சிதறலைக் காட்டும் நியம விலகலையும் ஊதிவிடும். இரண்டு கரைகளில் எந்தக் கரையில் பொதுவாகப் பாடு கூடுதல் என்று கேட்டால் வரிசைச் சோதனைதான் நியாயம். சோற்றின் ருசிக்கு ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போடச் சொன்னாலும் அப்படியே. நாலுக்கும் ஐந்துக்கும் உள்ள தூரத்தை நாக்கு அளப்பதில்லை. ஆனால் கரைவலைச் சம்மாட்டி கேட்பது வருட முடிவில் மொத்தம் எவ்வளவு என்பதை. மொத்தம் என்றால் இடைதான், எண்கள் எவ்வளவு கோணலாக இருந்தாலும்.

மாதிரி பெரிதாக இருந்தால் வரிசைச் சோதனையால் இழப்பும் அதிகமில்லை. எண்கள் உண்மையில் செவ்வன் பரம்பலாக இருந்தாலும், ரி சோதனைக்கு 95 அவதானங்கள் போதுமான இடத்தில் இதற்குச் சுமார் 100 வேண்டும், அவ்வளவுதான். நான் மல்லுக்கட்டுவது மூன்றுக்கு மூன்றோடு மட்டுமே.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். சோடிகளைப் பற்றிக் கால் மணிநேரம் பேச வைத்திருந்தேன், ஒரு வசனத்தில் முடிக்கிறேன்: ஒரே வயலைப் பாதியாகப் பிரித்து இரு முறைகளையும் போட்டிருந்தால், எந்த வகைச் சோதனையானாலும் சோடிகளுக்குரியதையே எடுங்கள், வில்கொக்சனிடம் அதற்கும் தனியாக ஒன்று உண்டு. வணக்கம்.